சட்டென்று திருகினால் சுடர் ஏன் அணைகிறது?

மாட்டுங்கா வீடொன்றில் பால் பொங்கி வருகிறது. காஸ் அடுப்பின் குமிழைச் சட்டென்று திருகுகிறார்கள், சுடர் அணைந்துவிடுகிறது. மெல்லத் திருகியிருந்தால், அதே சிறு அளவில் நின்று எரிந்திருக்கும். வாயுவின் அளவில் வேற்றுமை இல்லை. மாற்றிய வேகத்திலேதான் வேற்றுமை. நான் சொல்ல வந்ததோ அடுப்பைவிடப் பன்மடங்கு பெரிய சுடரைப் பற்றி.

செம்பூரை அடுத்த டிராம்பேயில், டாடா மின் நிலையத்தில், இயற்கை வாயுவால் இயங்கும் 180 மெகாவாட் பிரிவு ஒன்று உண்டு. இத்தகைய டர்பைனின் எரி அறையில் காற்று நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பாயும். அமைதியான கலவையில் தீ முன்னேறும் வேகமோ நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான்! பின் சுடர் அடித்துச் செல்லப்படாமல் நிற்பது எங்ஙனம்? சாய்ந்த தகடுகள் காற்றைச் சுழற்றிவிடுகின்றன. சுழலின் நடுவே, எரிந்த சூடான வாயு பின்னோக்கித் திரும்பி வந்து, புதுக் கலவையைப் பற்றவைக்கிறது. கொந்தளிப்பு சுடரை மடிப்பு மடிப்பாக்கிப் பரப்பைப் பெருக்குவதால் எரிதலும் விரைவாகிறது. அதே கொந்தளிப்பு அளவு மீறினால் சுடரை இழுத்துக் கிழித்துவிடும். துணையும் அதுவே, பகையும் அதுவே!

2020 அக்டோபர் 12 காலை மும்பை இருண்டது நினைவிருக்கும். மின்ரயில்கள் வழியிலே நின்றன. வெளி மின்பாதைகள் அறுந்தால் நகரைத் தனியே பிரித்துக் காக்கும் ஏற்பாடு அன்று பலிக்கவில்லை. சுடர் அணைந்ததே காரணம் என்று நான் கூறவில்லை. ஆயினும் அவ்வேளையில் சுடரிடம் நாம் கேட்பது மிகக் கடினமான வேலை. சுமை திடீரென ஏறும். சில பகுதிகளைத் துண்டித்தவுடன் திடீரென இறங்கும். இறங்கும்போது டர்பைன் மிகைவேகம் கொள்ளாதிருக்க வாயுவை உடனே குறைத்தாக வேண்டும். வால்வு நொடிப்பொழுதில் மூடும். காற்றோ அவ்வாறு குறையாது. அதை அழுத்தும் கருவி அதே தண்டில் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறதன்றோ! கலவை மெலிகிறது. சாதாரணக் காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் தீ பரவாது. சூடான காற்றில் அவ்வெல்லை சற்றுத் தாழும், அவ்வளவே. புகைக் கேட்டைக் குறைக்க விரும்பி, இக்காலப் பொறிகளை முன்னமே மெலிந்த கலவையில் ஓட்டுகிறோம். விளிம்பிலே நிற்பவனைத் தள்ளப் பெருவலிமை வேண்டுமா?

இதற்காகவே நடுவில் சிறு காவல் சுடர் ஒன்றுக்குச் செறிந்த வாயுவைத் தனியே ஊட்டுகிறார்கள். அதுவும் அணைந்தால், உணர் கருவி கண்டு வாயுவை அறவே நிறுத்திவிடும். இல்லையேல் எரியாத வாயு புகைவழியில் சேர்ந்து வெடிக்கும். மீண்டும் பற்றவைக்குமுன் உள்ளே தங்கியதைக் காற்றால் வெளியேற்றியாக வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். தனித்து நிற்கும் நகரத்திடம் அந்த நிமிடங்கள் இருப்பதில்லை.