பார்ப்பதெல்லாம் விரும்புவது ஆகுமா?

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு. விருந்தினர் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. அவருடைய பார்வை பாயச வாளியின் பக்கம் ஒரு முறை போய் வந்தால் போதும், அடுத்த நிமிடம் இலையில் பாயசம் விழுந்துவிடும். ஆனால் அவர் பார்த்தது வாளியை அல்ல, வாளிக்குப் பின்னால் நின்ற பழைய நண்பரைத்தான் என்றால்? வேண்டாத பாயசம் இலையில் வீணாகும்.

கண் அசைவைக் கொண்டு இயங்கும் கணினித் திரைகளை உருவாக்குகிறவர்களும் இதே சிக்கலோடுதான் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். திரையில் ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பது இன்று பெரிய வேலை அல்ல. எதற்காகப் பார்க்கிறார் என்பதை அறிந்து, அதற்கேற்பத் திரையை மாற்றுவதுதான் சவால்.

மனிதக் கண் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகக் காண்பதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் எவ்வளவு அகலம் தெரியுமோ, ஏறக்குறைய அந்த அளவு இடம் மட்டுமே துல்லியமாகத் தெரியும். அதனால் கண் வினாடிக்கு 3, 4 முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குத் தாவிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் தாவலை அளக்க, திரையின் அடியில் அகச்சிவப்பு ஒளி விளக்குகளும் ஒரு கேமராவும் பொருத்தப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, கருவிழியின் மேல் சிறு புள்ளியாக மின்னும். கண் திரும்பும்போது கண்பாவை நகரும், மின்னும் புள்ளியோ அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டால் பார்வையின் திசை தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் கண் வேறுபடுவதால், தொடக்கத்தில் திரையில் தோன்றும் சில புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கருவிக்குத் தன் கண்ணை அறிமுகப்படுத்த வேண்டும்.

பார்வைக்குள் நோக்கம் ஒளிந்திருக்கிறது என்பதை அழகாகக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி அல்ஃபிரெட் யார்பஸ். 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலில் அந்தச் சோதனை இடம்பெற்றது. ஓவியர் இல்யா ரேப்பினின் ஓவியம் ஒன்றை அவர் காட்டினார். நெடுநாள் பிரிந்திருந்த ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழையும் காட்சி அது. ‘இதில் இருப்பவர்களின் வயது என்ன?’ என்று கேட்டபோது, பார்த்தவரின் கண் முகங்களையே சுற்றியது. ‘இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி?’ என்று கேட்டபோது, அதே கண் உடைகளையும் வீட்டுப் பொருள்களையும் தேடியது. ஓவியம் ஒன்றுதான், கேள்வி மாறியதும் பார்வையின் பாதையே மாறிவிட்டது. தமிழில் ‘நோக்கு’ என்றால் பார்வை, ‘நோக்கம்’ என்றால் எண்ணம். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை.

இதைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் போல்ட். பல காட்சிகள் ஒரே நேரத்தில் ஓடும் ஒரு பெரிய திரையை 1981இல் அவர் விவரித்தார். பார்ப்பவரின் கண் எந்தக் காட்சியில் நிலைக்கிறதோ, அதன் ஒலி மட்டும் கேட்கும். தொடர்ந்து பார்த்தால் அந்தக் காட்சியே பெரிதாகும். பின்னர் 2000ஆம் ஆண்டுவாக்கில், பின்லாந்தின் தம்பரே பல்கலைக்கழகத்தில் ‘ஐடிக்ட்’ என்ற வாசிப்புத் துணை உருவானது. அந்நிய மொழியில் படிப்பவரின் கண் ஒரு சொல்லில் வழக்கத்தைவிட அதிக நேரம் தடுமாறினால், அதன் பொருளை அது தானாகவே காட்டியது.

ஆனால் கண் நிலைத்த இடமெல்லாம் கட்டளை ஆகிவிடாது. கிரேக்கக் கதையில் வரும் மிடாஸ் மன்னன் தொட்டதெல்லாம் பொன்னாகி, கடைசியில் உண்ண உணவும் இல்லாமல் தவித்தான். அதுபோல் பார்த்த பொத்தானெல்லாம் அழுந்தினால் கணினியைப் பயன்படுத்தவே முடியாது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் ஜேக்கப், 1990இல் இதற்கு மிடாஸ் பெயரையே சூட்டினார்.

இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. குறிப்பிட்ட நேரம் கண் அசையாமல் நின்றால் மட்டுமே கட்டளையாக எடுத்துக்கொள்வது ஒன்று. கண் சுட்டிக்காட்ட, விரல் உறுதி செய்வது மற்றொன்று. 2024 ஜூன் மாதம் சிங்கப்பூரில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பார்த்துவிட்டு, இரு விரல்களைச் சேர்த்துத் தட்டினால்தான் அது செயல்படும்.

கை அசைக்க முடியாதவர்களுக்கு முதல் வழியே உயிர்நாடி. அமெரிக்கக் காற்பந்து வீரராக இருந்த ஸ்டீவ் கிளீசன், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயால் தாக்கப்பட்டார். கண்ணால் ஓட்டக்கூடிய சக்கர நாற்காலி வேண்டும் என்று அவர் கேட்க, 2014இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் அதை உருவாக்கிக் காட்டினார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 2017இல் விண்டோஸ் 10இல் கண்வழிக் கட்டுப்பாடு இடம்பெற்றது. 2024இல் ஐபோனிலும் ஐபேடிலும் இந்த வசதி வந்தது. வாயும் கையும் ஓய்ந்த ஒருவர், தன் பிள்ளையின் பெயரை எழுத்து எழுத்தாகக் கண்ணாலேயே தட்டச்சு செய்து, கணினியின் குரலால் கூப்பிட முடிகிறது. அவருக்குப் பார்வைதான் பேச்சு.

அதனால்தான் எச்சரிக்கையும் தேவை. எந்த விலையைக் கண்டு கண் தயங்கியது, எந்த முகத்தில் நின்றது என்பதெல்லாம் ஒருவர் வாய்விட்டுச் சொல்லாத செய்திகள். விஷன் புரோவில் பார்வைத் தகவல் செயலிகளுக்கோ தனக்கோ வராது, விரலால் தட்டித் தேர்ந்தெடுத்தது மட்டுமே போகும் என ஆப்பிள் அறிவித்துள்ளது. எல்லா நிறுவனங்களும் இப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2010இலும் சிங்கப்பூரில் 2012இலும் இயற்றப்பட்டது. என்றாலும், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துவது பயனீட்டாளரின் விரல்தானே? பார்வைத் தகவல் கருவியிலேயே தங்குகிறதா, வெளியே போகிறதா என்று அதற்கு முன் படித்துப் பார்ப்பது நல்லது.

குறிப்பறிதல் என்ற தலைப்பில் திருவள்ளுவர் இரண்டு அதிகாரங்களை வைத்திருக்கிறார். பிறர் மனத்தை அறிவது அத்தனை பெரிய கலை. பந்தியில் குறிப்பறிந்து பரிமாறியவர், யார் எதைப் பார்த்தார்கள் என்பதை மறுநாளே மறந்துவிடுவார். இயந்திரத்துக்கு அந்த மறதி தானாக வராது, மனிதர்கள்தான் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.