பிணைத்தொகையும் வெகுமதியும்

பணத்தைக் கையாளும் காசாளரிடம் ஜாமீன் தொகை பெறுவது அலுவலகங்களில் நெடுநாளைய வழக்கமாகும். கையாடல் நேர்ந்தால் அத்தொகை பறிபோகும் என்ற அச்சமே நேர்மைக்குக் காவலாக நிற்கிறது. கிரிப்டோ நாணய வலையமைப்புகள் பலவற்றின் பாதுகாப்பும் இதே தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டது.

ஈதரியம் என்னும் வலையமைப்பை உதாரணமாகக் கொள்வோம். இதன் பேரேட்டை வங்கி எதுவும் வைத்திருப்பதில்லை; உலகின் பல பாகங்களிலுள்ள கணிப்பொறிகள் சேர்ந்தே எழுதுகின்றன. முன்னர் மின்சாரத்தைப் பெருமளவில் செலவிட்டுக் கணக்குப் புதிர்களை விடுவித்தோரே புதிய பதிவுகளைச் செய்தனர். 2022 செப்டம்பர் 15-இல் அம்முறை கைவிடப்பட்டது. அதுமுதல் 32 ஈதர் நாணயங்களையேனும் பிணையாகக் கட்டும் சரிபார்ப்பாளர்களே அப்பணியைச் செய்துவருகின்றனர். மின்செலவும் 99 சதவிகிதத்திற்கு மேல் குறைந்தது.

சரிபார்ப்பாளர் பதிவுகளைச் சோதித்து வாக்களித்தால், புதிதாக வெளியிடப்படும் ஈதர் வெகுமதியாகக் கிடைக்கும். கணிப்பொறி நின்றுவிடின் சிறு அபராதம் உண்டு. முரணான இரு பதிவுகளுக்குக் கையொப்பமிடின், பிணையில் ஒரு பகுதி அழிக்கப்பட்டு, அவர் நீக்கப்படுவார். முடிவாக உறுதிபெற்ற கணக்கிற்கு எதிராக மற்றொரு கணக்கை உறுதிப்படுத்த வேண்டுமாயின், மொத்தப் பிணையில் மூன்றில் ஒரு பங்கினரேனும் இக்குற்றத்தைச் செய்தாக வேண்டும். அத்தனை பேர் ஒருசேரப் பிடிபடின் அவர்களது பிணை முழுவதுமே அழியும். ஆகவே பிணை பெருகப் பெருக, மோசடியின் விலையும் உயர்கிறது.

எனினும் பாதுகாப்பு இலவசமாகக் கிட்டுவதன்று. வெகுமதி விகிதம், மொத்தப் பிணையின் வர்க்கமூலத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் அமைக்கப்பட்டுள்ளது. பிணை நான்கு மடங்கானால், ஒவ்வோர் ஈதருக்கும் கிடைக்கும் வெகுமதி பாதியாகும். ஆனால் ஆண்டுதோறும் வெளியாகும் புதிய ஈதரின் மொத்த அளவு இரு மடங்காகும். பிணை குறைவாயிருக்கும்போது உயர்ந்த வெகுமதி புதியோரை ஈர்க்கும். மிகுந்தபோது ஆர்வம் தானே தணியும்.

புதிய நாணயம் பெருகுவதால், பிணை கட்டாதோரிடமுள்ள ஈதரின் பங்கு சுருங்குகிறது. காவலுக்கான கூலியை மறைமுகமாகச் செலுத்துவோர் அவர்களே. பரிமாற்றக் கட்டணத்தில் ஒரு பகுதி 2021 முதல் அழிக்கப்பட்டுவருவதால் இச்சுமை ஓரளவு குறைகிறது.

இவ்வெகுமதியை வங்கி வட்டியுடன் ஒப்பிடுவது பொருந்தாது. வங்கி வட்டி, கடன் பெற்றோர் செலுத்தும் தொகையிலிருந்து வருவது. இதுவோ காவற்பணிக்குப் புதிய நாணயத்தில் தரப்படும் கூலி. அபராதத்திற்கும் விலைச் சரிவிற்கும் உட்பட்டது. உயர்ந்த விகிதத்தைக் காட்டி ஆசையூட்டும் விளம்பரங்களைக் காண்போர்க்கு, இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் நலம் பயக்கும்.