ஆந்தையா, விஷமா? ஆதாரம் சொல்வதே முடிவு

செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டிகள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். குலையைக் கடிக்கும் எலிகளைப் பிடிக்க வரும் ஆந்தைகளுக்கான கூடுகள் அவை. “ஆந்தை வந்ததும் எலி குறைந்தது” என்பார் ஒருவர். “விஷம் வைத்தால்தான் அடங்கும்” என்பார் மற்றொருவர். யார் சொல்வதை நம்புவது?

இத்தகைய கேள்விகளுக்கு விடை காண உதவுவதே ‘முறைசார் மீளாய்வு’. மருத்துவத்தில் வேரூன்றிய இம்முறை, 2000-ஆம் ஆண்டுக்குப் பின் இயற்கைப் பாதுகாப்பிலும் பரவியது.

முதலில் கேள்வியையும், எந்த ஆய்வுகளைச் சேர்ப்பது என்ற விதிகளையும் எழுதி வைப்பார்கள். பிடித்த முடிவை மட்டும் பிறகு பொறுக்கி எடுக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. அடுத்து, அது தொடர்பான ஆய்வுகள் அனைத்தையும் தேடுவார்கள். பலன் இல்லை என்று சொன்னவையும் அதில் அடங்கும்.

பின்னர் ஒவ்வொன்றின் தரத்தையும் சோதிப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கூடு வைக்காத தோட்டம் இருந்ததா? கூடு வைத்த இடத்தில் விஷமும் வைத்திருந்தால், எலி எதனால் குறைந்தது என்று எப்படிச் சொல்வது? இவற்றுக்கெல்லாம் பிறகே முடிவு எழுதப்படும்.

செம்பனை குறித்து 2014-இல் இப்படி ஒரு மீளாய்வு வெளிவந்தது. காடுகளைவிடச் செம்பனைத் தோட்டங்களில் உயிரின வகைகள் குறைவு, அங்கு வாழும் இனங்களும் மாறிவிடுகின்றன என்று அது காட்டியது.

விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் மடியக்கூடும். அந்த விஷத்தைக் கையாள்பவர் தோட்டத் தொழிலாளிதான். ஆகவே, முடிவெடுக்குமுன் ஆதாரத்தைக் கேட்பது அவருக்கும் உரிய உரிமை.