லோடு வண்டிக்கு நாடி பார்க்கும் கருவி
வழியில் வண்டி நிற்கும் நஷ்டத்தைத் தவிர்க்க ஒரு வழி

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளில் கடை நடத்தும் நம்மில் பலருக்கு, கடைக்கு அடுத்த பெரிய மூலதனம் லோடு வண்டிதான். விடியுமுன் கோயம்பேட்டில் கொள்முதல் செய்து, மதுரவாயல் பைபாஸ் வழியாகப் பெருங்களத்தூர் வந்து, காலை வியாபாரத்திற்குள் சரக்கை இறக்கியாக வேண்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால் இழுவை வண்டிக்கான கூலியோடு செலவு முடிவதில்லை. கீரை வாடும், தக்காளி நசுங்கும். வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். பிறகு ஒர்க் ஷாப்பில் எந்தப் பாகம் பழுது என்று சொல்கிறார்களோ, அதற்குப் பணம் கட்ட வேண்டியதுதான்.

தராசில் நிறுத்துக் கொடுப்பவர்கள் நாம். எடை தெரியாமல் ஒரு மூட்டையைக்கூட வாங்க மாட்டோம். ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் எதையும் அளக்காமலே பில் கட்டி வருகிறோம். இந்த நிலையை ஓரளவு மாற்றக்கூடிய சிறு கருவி ஒன்று சில ஆண்டுகளாகக் கடைகளில் கிடைக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. விலை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை. இதைப் பற்றி நமது வணிகப் பெருமக்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

எப்படி வந்தது?

இப்போதைய வண்டிகளில் எஞ்சினை நடத்துவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். சூடு, காற்று, எரிபொருள், புகை எல்லாவற்றையும் சென்சார்கள் மூலம் அது கணந்தோறும் கவனிக்கிறது. தவறு கண்டால் டாஷ்போர்டில் எஞ்சின் படமுள்ள மஞ்சள் விளக்கை எரிய விட்டு, ஒரு குறியீட்டை மனதில் வைத்துக் கொள்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஓபிடி என்று பெயர். புகைமாசைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்கியது இது. 1996 மாடல் முதல் அந்நாட்டின் எல்லாப் புதிய கார்களுக்கும் ஒரே மாதிரியான 16 முனை இணைப்புடன் கட்டாயமாக்கப்பட்டது.

நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 நெறி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் வந்தபோது இதன் முதல் கட்டம் வந்தது. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் பாரத் ஸ்டேஜ் 4 நெறி 2017 ஏப்ரல் முதலும், பாரத் ஸ்டேஜ் 6 நெறி 2020 ஏப்ரல் முதலும் அமலாயின. எனவே 2020க்குப் பின் வாங்கிய வண்டி என்றால் கவலையில்லை. 2005இல் வந்த டாடா ஏஸ் போன்றவற்றின் ஆரம்பகால டீசல் வண்டிகளில் இந்த வசதி கிடையாது. இடைப்பட்ட காலத்து வண்டி வைத்திருப்போர், கையேட்டைப் பார்த்தோ மெக்கானிக்கிடம் கேட்டோ உறுதி செய்து கொண்ட பிறகே கருவி வாங்க வேண்டும்.

என்ன செய்கிறது?

ஸ்டீயரிங்குக்குக் கீழே அந்த 16 முனை இணைப்பு இருக்கும். கருவியை அதில் செருகினால், புளூடூத் வழியாக நம் செல்போனுக்கு விவரங்களை அனுப்பும். இதற்கான செயலிகள் பல உண்டு. சில கருவிகள் ஆண்ட்ராய்டு போனுடன் மட்டுமே சேரும் என்பதால், வாங்கும்போதே நமது போனைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

காட்டும் விவரங்கள் எத்தனையோ. நமக்கு முக்கியமானவை நான்கு.

1. எஞ்சின் சூடு: பெரும்பாலான வண்டிகளில் சூடேறிய பின் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பல சிறு வண்டிகளில் சூடு காட்டும் முள்ளே கிடையாது, அபாய விளக்கு மட்டும்தான். அது எரியும்போது காலம் கடந்திருக்கும். தினமும் 90இல் நிற்கும் எண், பல்லாவரம் நெரிசலில் 104, 106 என்று ஏறினால், ரேடியேட்டர் கசிவையோ மின்விசிறியையோ உடனே கவனிக்கச் சொல்கிறது என்று பொருள். ஒரு ரப்பர் ஹோஸ் மாற்றுவதோடு போகுமா, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலை வருமா என்பதை அந்தச் சில டிகிரிகளே தீர்மானிக்கும்.

2. பேட்டரி: எஞ்சின் ஓடாதபோது ஏறக்குறைய 12.5 வோல்ட்டும், ஓடும்போது 13.5 முதல் 14.7 வரையும் இருப்பது வழக்கம். ஓடும்போதும் 12ஐச் சுற்றியே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் புதுப் பேட்டரிக்குச் செலவழித்து, மறுவாரமே மீண்டும் வண்டி நிற்பதுண்டு. சில புதிய வண்டிகள் எரிபொருள் சிக்கனத்திற்காக வோல்ட்டைத் தாமே ஏற்றி இறக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

3. எரிபொருள் திருத்தம்: பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளில் கலவையைக் கம்ப்யூட்டர் எத்தனை சதவிகிதம் கூட்டியோ குறைத்தோ சரி செய்கிறது என்பதைக் காட்டும். கூட்டலிலோ கழித்தலிலோ 10க்குள் இருந்தால் சரி. நாள்தோறும் 20ஐத் தாண்டி நின்றால், காற்றுக் கசிவு, எரிபொருள் அழுத்தக் குறைவு போன்ற ஏதோ ஒன்று மைலேஜைத் தின்று கொண்டிருக்கிறது.

4. கரி அடைப்பு: பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்து போக நல்ல சூடு வேண்டும். கடைக்கும் குடோனுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. சில வண்டிகளில் கரியின் அளவைச் செயலியிலேயே காணலாம். அளவு ஏறினால், கையேட்டில் சொன்னபடி வண்டலூர் வெளிவட்டச் சாலை போன்ற தடையில்லாத பாதையில் சிறிது நேரம் நிற்காமல் ஓட்டினால் போதும். அலட்சியம் செய்தால் வடிகட்டியையே மாற்ற நேரிடும். அதன் விலை ஒரு மாத லாபத்தை விழுங்கிவிடும்.

ஒர்க் ஷாப்பில் பேசும் முறை

மஞ்சள் விளக்கு எரிந்தால் கருவி குறியீட்டைப் படித்துச் சொல்லும். உதாரணமாக, பி 0128 என்றால் எஞ்சின் போதுமான சூடு ஏறவில்லை, தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். பி 0300 என்றால் சிலிண்டர்களில் எரிதல் தவறுகிறது. குறியீடு என்பது தீர்ப்பு அல்ல. எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் புகார் மட்டுமே. மெக்கானிக்கின் அனுபவத்திற்கு அது மாற்று ஆகாது. ஆனாலும் எண்ணை எழுதிக் கொண்டு போய்க் கேட்பவருக்குப் பதில் தெளிவாகக் கிடைக்கும்.

குறியீட்டை அழிக்கும் பொத்தானும் செயலியில் உண்டு. அதை அவசரப்பட்டு அழுத்தலாகாது. பழுது நேர்ந்த கணத்தில் சூடு, வேகம் முதலியவை எவ்வளவு என்ற பதிவும் அத்துடன் அழிந்துவிடும். பேரேட்டைக் கிழித்துவிட்டுக் கணக்குப் பார்க்க முடியுமா?

எச்சரிக்கைகள்

ஓட்டுநர் போனைப் பார்த்துக் கொண்டே ஓட்டக் கூடாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் செல்போன் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் ஒலி எழுப்பும்படி செயலியில் அமைத்துவிட்டு, போனைத் தாங்கியில் பொருத்திவிடலாம். ஓட்டத்தின் பதிவை இரவு கல்லாவை மூடிய பிறகு முதலாளி பார்த்தால் போதும்.

மலிவான கருவிகளில் பெரும்பாலானவை கனடா நாட்டு எல்ம் நிறுவனத்தின் சில்லைப் பார்த்துச் செய்த நகல்கள். சில வண்டிகளோடு அவை பேசாது. திருப்பி எடுத்துக் கொள்ளும் கடையில் வாங்குவதே முறை. அதே இணைப்பில் செருகினால் டீசல் மிச்சமாகும் என்று விற்கப்படும் பொருள்களை நம்ப வேண்டாம். விளக்கு மினுக்குவதற்கு மேல் அவற்றில் பலவற்றுள் ஒன்றுமில்லை. வண்டி பல நாள் நிற்குமானால் கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையேல் பேட்டரி சிறிது சிறிதாக இறங்கும்.

பிரேக், டயர், கிளட்ச், ஆயில் அளவு ஆகியவற்றை இந்தக் கருவி காட்டாது. காலையில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கும் பழக்கமும், டயர் காற்றைச் சோதிக்கும் பழக்கமும் தொடரத்தான் வேண்டும்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போட்டு, வாரம் ஒரு முறை சூடு, வோல்ட், ஓடிய கிலோமீட்டர், போட்ட எரிபொருள் இவற்றை எழுதி வாருங்கள். ஒரு நாள் எண் பெரிதாக எதையும் சொல்லாது. மூன்று மாத எண்களை வரிசையாகப் பார்த்தால், எந்தச் செலவு வரப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். வண்டிச் செலவு திடீரென்று வராமல், நாம் தேதி குறித்துச் செய்யும் செலவாக மாறுவதே இதன் லாபம்.