கிர்பான்: அணிவதால் நிலைத்த வாள்

கிர்பான் என்பது அமிர்தம் பெற்ற சீக்கியர் உடலை விட்டுப் பிரிக்காமல் அணியும் சிறு வாள். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ளது. நுனியை நோக்கி மெல்ல வளையும். உறையில் இட்டு, காத்ரா எனப்படும் பட்டையில் கோத்து, வலது தோளில் மாட்டி இடது இடுப்பருகே தொங்கவிடுவார்கள். சட்டைக்கு மேலும் அணியலாம், உள்ளேயும் அணியலாம். ஆண், பெண் வேறுபாடு இதில் இல்லை. வெட்டாத தலைமுடி, மரச்சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கால் உள்ளாடை ஆகியவற்றோடு சேர்ந்து கால்சா சீக்கியரின் ஐந்து அடையாளங்களுள் இது ஒன்று. அந்த ஐந்தில் வெளியாருக்கு அதிகம் அச்சம் தருவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

சீக்கிய மரபுக்குள் வாள் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஐந்தாவது குரு அர்ஜன் தேவ் 1606-இல், முகலாயப் பேரரசர் ஜகாங்கீர் ஆட்சியில், லாகூரில் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மகன் ஹர்கோபிந்த் இரண்டு வாள்களை அணிந்தார். ஒன்று உலகியல் அதிகாரத்துக்கு, மற்றது ஆன்மிக அதிகாரத்துக்கு. மீரி, பீரி என்று இன்றும் அவற்றைச் சொல்கிறார்கள். ஒன்பதாவது குரு தேக் பகதூர் 1675-இல் தில்லியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். காஷ்மீரப் பண்டிதர்கள் தங்கள் மதத்திலேயே இருக்கும் உரிமைக்காக அவர் நின்றார் என்பது சீக்கியர் போற்றும் வரலாறு. தம் மதத்தைச் சேராத மக்களுக்காக ஒரு குரு உயிரைக் கொடுத்தார் என்ற இந்த நினைவை விட்டுவிட்டுக் கிர்பானின் பொருளைப் புரிந்துகொள்ள முடியாது.

தேக் பகதூரின் மகன் குரு கோபிந்த் சிங் 1699 வைசாகித் திருநாளன்று ஆனந்தபூர் சாகிப்பில், அமிர்தம் பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவை நிறுவினார். முதலில் முன்வந்த ஐவரும் லாகூர், ஹஸ்தினாபூர், துவாரகை, பூரி, பீதர் என்று வெவ்வேறு திசைகளைச் சேர்ந்தவர்கள். தக்காணத்துப் பீதரிலிருந்து வந்த சாகிப் சிங் முடிதிருத்தும் குடியில் பிறந்தவர்; பூரியிலிருந்து வந்த ஹிம்மத் சிங் தண்ணீர் சுமக்கும் குடி. வாள் தாங்குவது அரசர்க்கும் போர்க்குடிகளுக்கும் உரிய பெருமையாக இருந்த காலத்தில், அதே வாள் இவர்கள் எல்லோர் இடுப்பிலும் ஏறியது. 1699-இல் நடந்தவற்றுள் பெரிய காரியம் எதுவென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று நடந்த சடங்கு இன்றும் அப்படியே தொடர்கிறது. இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, பதாசா எனப்படும் சர்க்கரை மிட்டாயை அதில் இட்டு, இருபுறமும் கூருள்ள கண்டா வாளால் கலக்கியபடியே ஐந்து பேர் பாடல்களை ஓதுவார்கள். அந்தத் தண்ணீர்தான் அமிர்தம். அதைப் பருகி உறுதிமொழி ஏற்றவர் அன்றுமுதல் கிர்பான் அணிகிறார். அன்றாட வழிபாட்டிலும் அதற்கு வேலை இருக்கிறது. கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய கடாப் பிரசாதத்தைப் பங்கிடுவதற்கு முன், அர்தாஸ் வேண்டுதல் முடிந்ததும், கிர்பானின் நுனியால் அதைத் தொட்டு ஒரு கோடு இழுப்பார்கள். பிறகுதான் அது எல்லோர் கைக்கும் வரும்.

நெறிமுறை கண்டிப்பானது. கோபத்தில் உருவக்கூடாது, மிரட்டக் காட்டக்கூடாது, தாக்குவதற்கு எடுக்கக்கூடாது. எளியவர் மீது கொடுமை நடக்கும்போது, மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு, காப்பதற்கு மட்டுமே அது உரியது. தமிழ்நாட்டில் எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜையன்று கடைசல் இயந்திரத்துக்கும் சம்மட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் படையல் போடுவார்கள். கருவிக்குச் செய்யும் அந்த மரியாதை ஆண்டுக்கு ஒரு நாள். கிர்பான் அணிந்தவருக்கோ ஒவ்வொரு நாளும் அதே நினைவு. குளிக்கும்போது அதைத் தலையில் சுற்றிக் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. தூங்கும்போதும் கழற்றாதவர்கள் உண்டு.

இந்த வாளின் உலோகக் கதையில் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன; பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் மேல்சிறுவலூரில் மூசையில் எஃகு வடித்ததற்கான எச்சங்கள் கிடைத்தன. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதிவைத்த எஃகு இதுதான். சேலம் பக்கத்தில் அது செய்யப்பட்ட முறையை 19-ஆம் நூற்றாண்டில் பார்த்தவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தேனிரும்பைத் துண்டாக்கி, ஆவாரஞ் சுள்ளிகளோடு சிறு மண்மூசையில் அடைத்து, மேலே எருக்கிலை போர்த்தி, களிமண்ணால் வாயைப் பூசுவார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவார்கள். உள்ளே சுள்ளி கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். ஆறியதும் மூசையை உடைத்தால் முட்டை அளவில் ஓர் எஃகுக் கட்டி இருக்கும்.

நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை கரி ஏறிய இந்த எஃகு, அதிகச் சூட்டில் அடித்தால் நொறுங்கும். சூடு குறைந்தால் மசியாது. இடைப்பட்ட குறுகிய சூட்டில் பொறுமையாக அடிப்பவருக்கே அது வாளாகும். அப்படி அமைந்த வாளை மெருகிட்டு அமிலம் தடவினால் தண்ணீரில் காற்று பட்டது போன்ற அலைக்கோடுகள் எழும். தென்னிந்தியக் கட்டிகள் பாரசீகம் வரை போயின. லாகூர்ப் பட்டறைகளிலும் இந்த அலையெஃகில் வாள்கள் செய்யப்பட்டன. பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங் காலத்து வாள்கள் சிலவற்றில் அந்தக் கோடுகளை இன்றும் காணலாம்.

இந்தக் கலை தெற்கிலும் வடக்கிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சாய்ந்தது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான வாள்களும் கட்டாரிகளும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலைக்கப்பட்டன. தேர்ந்தெடுத்த சில எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். பஞ்சாபை 1849-இல் சேர்த்துக்கொண்ட ஆங்கிலேயர் அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் வாள் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வாங்குவோர் இல்லாமல் பட்டறைகள் அணைந்தன. போதாததற்கு இங்கிலாந்திலிருந்து மலிவான எஃகும் வந்து இறங்கியது.

இவ்வளவும் இரண்டு இடத்துக்கும் பொது. ஆனால் தஞ்சை வாள் அரண்மனையைச் சேர்ந்தது; அரண்மனை போனதும் அதைச் சுமக்க ஆளில்லை. பஞ்சாபின் வாளை ஒரு விவசாயியும் ஒரு தண்ணீர் சுமப்பவரும் உறுதிமொழியோடு ஏற்றிருந்தார்கள். சட்டம் தடுத்த ஆண்டுகளில் சிலர் மரச்சீப்பில் சிறு வாள் வடிவைப் பதித்துத் தலைமுடிக்குள் வைத்துக்கொண்டார்கள். உரிமைக்கான கோரிக்கை வலுத்து, 1914-இல் பஞ்சாபில் கிர்பானுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. எத்தனை அங்குலம் வரை கிர்பான், அதற்கு மேல் வாள் என்ற தகராறு அதோடு தீரவில்லை. 1921, 1922-இல் பெரிய கிர்பான் அணிந்ததற்காகவும் செய்ததற்காகவும் பலர் சிறைக்குப் போனார்கள். 1945-இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடத்தை நெறி நூலும் நீளத்துக்கு எல்லை வைக்கவில்லை.

இன்று விற்கும் கிர்பானில் பெரும்பகுதி துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து இயந்திரத்தில் வெட்டி எடுத்தது. அமிர்தசரஸில் பொற்கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் இவை கொத்துக் கொத்தாகத் தொங்கும். விரல் நீளத்திலும் உண்டு, முழங்கை நீளத்திலும் உண்டு. பித்தளைப் பிடி, மரப்பிடி, வெல்வெட் சுற்றிய உறை என்று வகைகள் பல. எளியவரும் வாங்கக்கூடிய விலையில் கிடைப்பது நல்லதே. ஆனால் அவற்றில் பலவற்றில் கத்திக்குரிய பதம் இருக்காது. கண்ணாடிபோல் பளபளக்கும், அவ்வளவுதான்.

கையால் அடிக்கும் கிர்பான் வேறு வகை. 'சர்பலோ' எனப்படும் கலப்பில்லாத இரும்பு, கரியேறிய எஃகு ஆகியவற்றைத்தான் நிகாங் எனப்படும் சீக்கியப் போர்மரபினரும் மரபைப் பேணுவோரும் விரும்புகிறார்கள். எஃகுப் பட்டையை உலையில் செம்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்து அடிப்பார்கள். வாய்ப்பக்கம் மெலிய மெலிய அந்தப் பக்கம் நீண்டு, முதுகுப்பக்கமாக வாள் தானே வளையத் தொடங்கும். எவ்வளவு வளையவிடுவது, எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கம். பிறகு தோய்ச்சல். சிவக்கக் காய்ந்த கத்தியை எண்ணெயில் முக்கினால் கடினப்படும். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே மறுபடி இளஞ்சூடு காட்டுவார்கள். தேய்த்து வெளுத்த பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, பிறகு நீலம். வாய்க்கு மஞ்சளில் நிறுத்த வேண்டும். முதுகு நீலம் வரை போகலாம். சில நொடி பிந்தினால் கூர் நிற்காது.

பழைய முறையில் வாளின் காம்பைப் பிடிக்குள் ஆணி அறைந்து இறுக்குவதில்லை. அரக்கைச் செங்கல்பொடியோடு உருக்கிப் பிடிக்குள் ஊற்றி, காம்பைச் சுடவைத்துச் செருகிவிடுவார்கள். ஆறினால் அசையாது, கழற்ற வேண்டுமானால் மறுபடி சுட்டால் போதும். பிடியை அலங்கரிக்கும் கோஃப்த்காரி வேலையில் இரும்பின் பரப்பை உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, முடிபோன்ற பொன்கம்பியை அந்தக் கீறல்மேல் வைத்துத் தட்டிப் பதிப்பார்கள். ஒரு காலத்தில் லாகூருக்கும் சியால்கோட்டுக்கும் பேர்போன வேலை. இன்று அதன் பெயர் சொல்லும் ஊர்களில் உதய்ப்பூர் முக்கியமானது. 2023-இல் அந்த ஊரின் கோஃப்த்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாள் அடிக்கவும் சாணை பிடிக்கவும் குருமார்களுக்குத் துணைநின்றவர்கள் சிக்லிகர்கள். மகாராஷ்டிரம், தெலங்கானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம் எங்கும் பரவியிருக்கும் இந்தச் சீக்கியக் குடிகளில் பலர் இன்று வாணலி, வாளி, சாவி, சமையல் கத்தி செய்து பிழைக்கிறார்கள். கிர்பானுக்குத் தேவை பெருகியிருக்கும் காலத்தில் அதைச் செய்யத் தெரிந்த கைகள் வறுமையில் இருப்பது வேதனை. நன்றாக அடித்த ஒரு கிர்பானுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கலைக்கு ஒரு நாள் ஆயுளைக் கூட்டுகிறார்.

சென்னையில் சீக்கியர் எண்ணிக்கை சிறிது. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் உள்ள ஸ்ரீ குருநானக் சத்சங் சபா குருத்வாரா அவர்களுக்கு மையம். 1971-இல் வேளச்சேரியில் தொடங்கிய குருநானக் கல்லூரி வழியாகவும் நகரம் அவர்களை அறியும். இந்தக் கடற்கரையில் சர்பலோ அணிவோருக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் விழும் முகத்துவாரக்குப்பத்தில் வலைக்கயிறு அறுக்கும் கத்தியைத் துடைக்காமல் ஓர் இரவு வைத்தால் காலையில் செம்புள்ளி கண்டிருக்கும். உப்புக்காற்றுக்கு வேலைக்கத்தியும் வேண்டுதல்வாளும் ஒன்றுதான். ஈரமில்லாத துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயைப் பரப்பி, உறையின் உட்புறம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே செருக வேண்டும். தோலுறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் இங்கே மர உறை நல்லது.

சட்டத்தில் கிர்பானின் நிலை நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் மதக் காரணத்துக்காகக் கத்தி வைத்திருப்பதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. 2019-இல் வந்த சட்டம் பெரிய கிர்பானையும் காத்தது. கனடாவில் 2001-இல் கியூபெக் பள்ளியொன்றில் 12 வயது மாணவரின் கிர்பான் தவறிக் கீழே விழுந்ததில் தொடங்கிய வழக்கு, 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மர உறையில் இட்டு, துணியால் சுற்றித் தைத்து, உடைக்குள் அணியும்போது முழுத்தடை நியாயமாகாது என்று நீதிபதிகள் கூறினார்கள். இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் எதிர்முடிவுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பள்ளிகளுக்குள் கிர்பான் கூடாது என்றிருந்த சட்டப்பிரிவு 2023-இல் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பானது.

இந்தியாவில் கேள்விக்கே இடமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுக்கான முதல் விளக்கம், கிர்பான் அணிவதும் உடன் கொண்டுசெல்வதும் சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று நேரடியாகச் சொல்கிறது. மத அடையாளம் ஒன்றை அரசமைப்புச் சட்டம் இப்படிப் பெயர் சொல்லிக் குறிப்பது அரிது. உள்நாட்டு விமானத்தில் சீக்கியப் பயணிகள் கிர்பானோடு ஏறலாம். வாய் 6 அங்குலத்தையும், பிடியோடு மொத்த நீளம் 9 அங்குலத்தையும் தாண்டக்கூடாது. இந்தச் சலுகையை எதிர்த்த மனுவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில் செல்லும் இந்த விதி பன்னாட்டு முனையத்தில் செல்லாது. வெளிநாடு போகிறவர் கிர்பானைச் சரக்குப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால், இறங்கிய ஊரில் எடுத்து அணிந்துகொள்ள வேண்டும்.