பாதி இருண்ட கண்ணாடி

1857-ஆம் ஆண்டின் கடைசியில், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லினேயஸ் ட்ரைப் பெங்களூரிலிருந்து தெற்கே கிளம்பினார். திருச்சி, மதுரை, தஞ்சை என்று நீண்ட பயணம் அது. ராயக்கோட்டையில் அவர் எடுத்த படங்கள் மறு ஆண்டே தனித் தொகுப்பாக வந்தன. அப்போது ராயக்கோட்டை சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்று அது இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004-இல்தான்.

ட்ரைப்புக்குத் தலைவலி கொடுத்தது வானம். அன்றைய காகித நெகட்டிவில் பூசிய வெள்ளி உப்புகள் நீல ஒளிக்குச் சட்டென்று மசியும். பச்சைக்கும் சிவப்புக்கும் லேசில் மசியாது. மரமும் செம்மண்ணும் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மனிதர் சளைக்கவில்லை. பல நெகட்டிவ்களின் மேல் தூரிகையால் சாயம் தீட்டி மேகங்களைத் தாமே உண்டாக்கினார். இன்று போட்டோஷாப் என்றால் முகம் சுளிக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்றைய சென்சாருக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனாலும் அந்தியில் வானம் வெளிறுகிறது. அல்லது பாறை கரியாகிறது. நிலத்துக்கு 1/15 நொடி வேண்டும், வானத்துக்கு 1/250 போதும் என்று மீட்டர் காட்டினால், இடைவெளி நான்கு ஸ்டாப். அதாவது 16 மடங்கு ஒளி. இதைச் சமன்செய்யத்தான் கிராஜுவேட்டட் நியூட்ரல் டென்சிட்டி (ஜி.என்.டி.) ஃபில்டர். மேல்பாதி சாம்பல், கீழ்பாதி தெளிவு. நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைப்பது அதன் வேலை.

அதில் எழுதியிருக்கும் 0.3, 0.6, 0.9 என்பவை மடக்கைக் கணக்கு. 0.3 என்றால் பாதி ஒளி, 0.6 என்றால் கால்வாசி, 0.9 என்றால் எட்டில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-இல் வெளியிட்ட ஆய்வுதான் புகைப்பட அடர்த்தியை இப்படி அளக்கும் வழக்கத்தை நிலைநாட்டியது. மடக்கை என்பதால் ஒரு வசதி: இரண்டு ஃபில்டரைச் சேர்த்துப் போட்டால் எண்களைக் கூட்டினால் போதும். மேலே சொன்ன நான்கு ஸ்டாப் காட்சிக்கு 0.9 சரி. மிச்சம் ஒரு ஸ்டாப் இருக்கட்டும். வானம் நிலத்தைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக இருப்பதுதான் கண்ணுக்கு இயல்பு.

எண்ணைவிட முக்கியம் எல்லைக்கோடு. சாம்பலும் தெளிவும் சட்டென்று பிரிந்தால் ஹார்டு. மெல்லக் கரைந்தால் சாஃப்ட். ஃபில்டர் பற்றிய பாடங்கள் பலவும் கடற்கரையை மனத்தில் வைத்து ஹார்டு வாங்கச் சொல்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் அது உதவாது. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறைக்குன்று தொடுவானத்தை முட்டிக்கொண்டு நிற்கும். சையத் பாஷா மலைக் கோட்டைக்கு எதிரே ஹார்டு ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள்: மலையின் அடிவாரம் வெயிலில் மின்னும், உச்சி மட்டும் தாரில் முக்கி எடுத்ததுபோல் கறுத்திருக்கும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது 0.9 சாஃப்ட். 0.6 போதாதா என்று கேட்கலாம். சாஃப்ட் ஃபில்டரின் முழுக் கறுப்பு மேல் விளிம்பில்தான் இருக்கிறது. மலை உச்சி விழும் நடுப்பகுதியில் அதில் பாதி பலம்தான் கிடைக்கும். நடுவில் கறுப்புப் பட்டை ஓடும் ரிவர்ஸ் ஃபில்டர், சூரியன் நேர்கோட்டில் இறங்கும் கடலுக்கானது. மலைக்குப் பின்னால் சூரியன் மறையும் ஊரில் அதற்குப் பணம் கொட்டுவது வீண்.

திருகி மாட்டும் வட்ட ஃபில்டரும் வேண்டாம். அதன் கோடு எப்போதும் நடுவிலேயே நிற்கும். செவ்வகத் தகட்டை ஹோல்டரில் செருகி, லைவ் வியூவில் மேலும் கீழும் மெல்ல நகர்த்தினால் நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். படம் எடுக்கப்போகும் அபர்ச்சரிலேயே இதைப் பார்க்க வேண்டும். துளை சிறுத்தால் கோடு கூர்மையாகும்.

ஹார்டுக்கும் ஓரிடம் உண்டு: கிருஷ்ணகிரி அணை. கரை எட்டத்தில் நேராக ஓடுவதால் 0.6 ஹார்டு பொருந்தும். அதற்கு மேல் போகக் கூடாது. நீரில் தெரியும் வானம் மேலேயுள்ள வானத்தைவிட எப்போதும் மங்கல்தான், ஏனென்றால் விழும் ஒளியில் ஒரு பகுதியை நீர் உள்ளே வாங்கிக்கொள்கிறது. பிம்பம் அசலைவிட வெளிச்சமாகிவிட்டால் படம் பொய் சொல்கிறது என்று குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கெலவரப்பள்ளி அணையிலோ வேறு கதை. பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணையில் நுரை பொங்கும் நாட்களில் அந்த நுரையே மேகத்துக்கு நிகரான வெள்ளை. கீழேயும் வெளிச்சம் என்றால் ஃபில்டருக்கு அங்கே வேலையில்லை; அதைக் கழற்றிவிட்டு நுரைக்கே எக்ஸ்போஷர் வைக்க வேண்டும்.

ஃபில்டருக்குப் பதில் வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று படம் எடுத்துக் கணினியில் சேர்த்தால் ஆகாதா? ஆகும். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் கேமராவோடு மலையேறும் கல்யாண போட்டோகிராபர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். காற்றில் யூகலிப்டஸ் இலை ஆடாதவரை தொல்லையில்லை. ஆடினால் மூன்று படத்திலும் இலை மூன்று இடத்தில் இருக்கும்.

கடைசியாக, தூசி. கிரானைட் குவாரிகளும் கல் அறுக்கும் பட்டறைகளும் நிறைந்த மாவட்டம் இது. அந்தத் தூளில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடிக்கு 5.5 அளவில்தான். ரெசின் ஃபில்டர் இன்னும் மென்மை. சட்டை நுனியால் ஒரு துடைப்புத் துடைத்தால் போதும், எதிர்வெயிலில் ஒவ்வொரு கீறலும் கோடாக ஒளிரும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு தூரிகை, அதற்குப் பிறகுதான் துணி.