தேரும் தச்சரும்

திருவிழா நாட்களுள் தேர்நாளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. திரிபுரம் எரிக்கப் பெருமான் எழுந்தருளிய காலத்தில் நிலமே தேர்த்தட்டாயிற்று, ஞாயிறும் திங்களும் சக்கரங்களாயின, மறைகள் குதிரைகளாயின, நான்முகன் பாகனாயினான். விநாயகரை வணங்காது புறப்பட்டமையால் அத்தேரின் அச்சு முரிந்த இடமே அச்சிறுபாக்கம் என்று தலபுராணம் கூறும். அன்பர்கள் இக்கதையைப் பலகாலும் கேட்டிருப்பர். ஆனால் நாம் வடம்பிடிக்கும் மரத்தேரைச் செய்தவர் யார், அவர்தம் கைத்திறம் அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு செல்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

தேருக்கு இலுப்பை மரம் மிக ஏற்றது. வெயிலும் மழையும் தாங்கும், பளுவையும் பொறுக்கும். மரத்தை அறுத்தவுடன் உளி வைத்தல் கூடாது; நிழலில் நெடுநாள் உலர வேண்டும். உலராத மரத்திற் செய்த பொருத்து பின்னர்ச் சுருங்கிப் பிளவுபடும். ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி மற்றொரு மரத்தின் துளையிற் செருகி, அடுக்கடுக்காகத் தேர்த்தட்டை எழுப்புவர். சாலையின் மேடுபள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்குங்கால் இப்பொருத்துகள் சிறிதே அசைந்து கொடுக்கும். முற்றிலும் இறுகிய கட்டாயின் அதிர்ச்சி முழுவதும் ஓரிடத்தே சென்று மரத்தை முரித்துவிடும். எவ்வளவு தளர்ச்சி வேண்டும் என்பதை ஏட்டிற் படித்து அறிதல் அரிது. மூத்தவர் கையருகே நின்று மரத்தைத் தட்டிக் கேட்டே பழகுதல் வேண்டும்.

இங்கேதான் இடர் உள்ளது. சிற்பிக்குச் சிறு படிமங்கள் செய்யும் வேலை ஆண்டுதோறும் கிடைக்கலாம். பெருந்தேர் செய்யும் வாய்ப்போ ஒருவர் வாழ்நாளில் ஓரிருமுறையே வரும். ஒரு தலைமுறைக் காலம் ஊர்த்தேர் பழுதுற்றுக் கிடந்தால், பழுதுறுவது மரம் மட்டுமன்று. அதனைச் செப்பனிட அறிந்த கையும் மறைந்துபோம். ஓடாத தேரைக் கொட்டகையிட்டுக் காப்பதாற் பயன் சிறிதே என்பது அடியேன் கருத்து.

திருவாரூர் ஆழித்தேரை நோக்குக. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையதென்பர். பல்லாண்டுகள் நிலைபெயராதிருந்த அத்தேர் 1970இல் மீண்டும் ஓடிற்று. பின்னர்த் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் அமைத்துத் தந்தனர். சக்கரம் இரும்பானதைக் குறைகூறுவார் உளர். தேர் ஓடினால்தானே மேலுள்ள மரவேலைக்கும் தச்சருக்கும் பணி உண்டு!

மாமல்லபுரத்தில் 1957இல் தோன்றிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசுக் கல்லூரியாக வளர்ந்து மரச்சிற்பமும் கற்பிக்கின்றது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. இவை மகிழ்ச்சி தருவன. ஆயினும் மரம் வேண்டுமே! இலுப்பை முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். முன்னோர் இலுப்பெண்ணெயால் கோயில் விளக்கேற்றினர். ஆதலின் இலுப்பைத் தோப்புகளைப் போற்றினர். திருமண்ணிப்படிக்கரையில் இலுப்பையே தலமரமாய் நிற்கின்றது. அத்தலத்தை இலுப்பைப்பட்டு என்றே மக்கள் வழங்குகின்றனர். விளக்கெண்ணெய்க்கு வேறு வழி வந்தபின் நடுவார் குறைந்தனர். திருக்குளக்கரையிலும் கோயில் நிலத்திலும் இன்று நடும் கன்று, நம் பேரர் காலத்துத் தேருக்கே உதவும்.

தேர்நாளன்று சக்கரத்தருகே முட்டுக்கட்டை இடுவோரை அன்பர்கள் கவனிக்க வேண்டும். அத்தனை பெரிய தேரும் தெருமுனையில் திரும்புவது அவர்கள் இடும் கட்டையின் சரிவினாலேயே. ஒவ்வொரு விழாவிலும் கட்டைகள் நசுங்கித் தேயும். அடுத்த விழாவுக்குப் புதியன செதுக்க வேண்டும். ஊர்ப்பிள்ளைகள் உளி பிடித்துப் பழக இவ்வேலையே எளிதானது.